ஆனையிறவு உப்பளத்தைக் காணச் செல்வோர்க்கு

பண்டத்தரிப்பு என்னும் ஊர்ப்பெயரைப் பண்டம் எனவும் தரிப்பு எனவும் பிரித்து, வணிகப் பொருள்கள் வந்து தங்கிச் சென்ற இடம் என்று பொருள் கூறுவோர் உளர். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்னும் பழமொழியும் அவ்வூரார் அறியாததன்று. ஆயினும், நாள்தோறும் உண்ணும் உப்பு எங்கிருந்து வருகின்றது என்று அங்குள்ள பாடசாலைச் சிறுவரை வினவினால், கடையிலிருந்து வருகின்றது என்பதே பெரும்பாலும் விடையாகும். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. குடாநாட்டின் தலைவாயிலில் உள்ள பெரிய உப்பளமாகிய ஆனையிறவு 1990ஆம் ஆண்டிலே போரினால் மூடப்பட்டது. அவ்வாண்டிற் பிறந்த குழந்தைகள் இன்று தம் பிள்ளைகளைக் கைப்பிடித்துப் பாடசாலைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோராய் உள்ளனர். பெற்றோர் காணாத தொழிலைப் பிள்ளைகள் எங்ஙனம் அறிவர்?

போர் முடிந்த பின்னர் ஆனையிறவுக்குச் செல்வோர் தொகை பெருகிற்று. தென்னிலங்கையிலிருந்து நயினாதீவை வழிபடவும் யாழ்ப்பாணத்தைக் காணவும் வருகின்ற உல்லாசப் பிரயாணிகள் அங்கே வண்டியை நிறுத்தாது செல்வது அரிது. இறங்குகின்றனர், வீதியோரத்து நினைவுச் சின்னங்களைப் பார்க்கின்றனர், படம் பிடிக்கின்றனர், மறுபடியும் ஏறிச் செல்கின்றனர். உப்பளத்தை நின்று நோக்குவோர் சிலரே. உப்பினாற் பிழைத்த ஓர் இடம் உப்பை மறந்து காட்சியிடமாக மாறலாமா என்னும் வினா இதிலிருந்து எழுகின்றது. இதே வினாவை உலகில் வேறு சில நாடுகளும் எதிர்கொண்டுள்ளன. அவை கண்ட விடைகளை முதலிற் சிறிது நோக்குதல் நன்று.

போலந்து நாட்டிலே கிறாக்கோ நகரத்துக்கு அண்மையில் வியலீச்சுக்கா என்னும் உப்புச் சுரங்கம் உண்டு. 13ஆம் நூற்றாண்டு தொடக்கம் அங்கே பாறையுப்பு வெட்டியெடுக்கப்பட்டது. 327 மீற்றர் ஆழம் வரை செல்லும் அச்சுரங்கத்திலே, சுரங்கத் தொழிலாளர் தம் ஓய்வு நேரத்திற் செதுக்கிய சிலைகளும் வழிபாட்டிடங்களும் உள்ளன. நிலமட்டத்திலிருந்து நூறு மீற்றருக்கும் கீழே அமைந்த புனித கிங்காவின் தேவாலயத்தில் சுவர்ச் சிற்பங்கள், பலிபீடம், தொங்கு விளக்குகளின் மணிகள் யாவும் உப்பினால் ஆனவை. 1978ஆம் ஆண்டில் யுனெஸ்கோ முதன்முதல் வெளியிட்ட உலக மரபிடப் பட்டியலிலேயே அது இடம்பெற்றது. 1996இல் வணிகத்துக்காக உப்பு வெட்டுவது நிறுத்தப்பட்டது. இன்று ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கே செல்கின்றனர். உப்பு வெட்டியோரின் வழித்தோன்றல்களுள் பலர் வழிகாட்டிகளாகவும் சுரங்கத்தைக் காப்போராகவும் தொழில் புரிகின்றனர் என்பது கருதத்தக்கது. அங்கே தொழில் நின்றது. தொழிலின் நினைவு நிற்கவில்லை.

ருமேனியா நாட்டின் தூர்தா என்னும் சுரங்கத்தின் கதை வேறு. 1932இல் அங்கே உப்பெடுப்பது நின்றது. இரண்டாம் உலகப் போரின்போது குண்டுகளுக்கு அஞ்சிய மக்கள் அதனுள் ஒளிந்தனர். பின்னர் பல்லாண்டுகள் பாற்கட்டி சேமிக்கும் களஞ்சியமாயிற்று. 1992இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று அந்த உப்புக் குகையின் அடியிலே சுழலும் இராட்டினமும் படகோட்டும் குளமும் உள்ளன. மக்கள் மகிழ்ச்சியாகப் பொழுது போக்குகின்றனர் என்பதில் ஐயமில்லை. உப்பைப் பற்றி யாது கற்றுத் திரும்புகின்றனர் என்பதே ஐயம். பிரான்சு தேசத்திலே ஆர்க் எ செனான் என்னும் இடத்தில் 1775க்கும் 1779க்கும் இடையில் லெடூ என்னும் கட்டடக் கலைஞர் அரசனுக்காக அமைத்த உப்பாலை அரைவட்ட வடிவிலே அரண்மனை போல் நிற்கின்றது. ஏறக்குறைய 20 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து உப்புநீரை மரக்குழாய்களிற் கொணர்ந்து விறகெரித்துக் காய்ச்சினர். அதுவும் 1895இல் மூடப்பட்டு, 1982இல் உலக மரபிடமாயிற்று.

இவையெல்லாம் தொழில் ஓய்ந்தபின் காட்சியாக மாறியவை. ஆனையிறவோ தொழில் ஓய்ந்து, போர்க்களமாகி, காட்சியிடமாகி, மீண்டும் தொழிலிடமாகியது. இவ்வாறு திரும்பி வந்த உப்பளம் அபூர்வமானது. அதனைக் காணும் முறையும் வேறாய் இருத்தல் வேண்டும்.

பண்டத்தரிப்பிலிருந்து செல்வோர் சண்டிலிப்பாய், மானிப்பாய், ஆனைக்கோட்டை வழியாக யாழ்ப்பாணம் சேர்ந்து, கண்டி வீதியைப் பற்றி நாவற்குழி, சாவகச்சேரி, கொடிகாமம், பளை, இயக்கச்சி ஆகிய ஊர்களைக் கடந்து ஆனையிறவை அடைவர். யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீற்றர். செம்மண் தோட்டங்களும் பனந்தோப்புகளும் மெல்ல மெல்லக் குறைந்து, தென்னஞ்சோலைகள் தோன்றி, பின்னர் அவையும் மறைந்து, இருபுறமும் வெட்டவெளியும் நீரும் வெண்மணலுமாய் விரிகின்ற இடம் அது. நிழலுக்கு ஒதுங்க மரமில்லை. இந்த வெறுமையே உப்புக்குச் செல்வம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

புகையிரதத்திற் செல்வது இன்னும் நன்று. வடபகுதிப் புகையிரதப் பாதை 1905ஆம் ஆண்டிலே நிறைவுற்றது. 1990இல் துண்டிக்கப்பட்ட சேவை 2014இல் மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டியது. போரில் அழிந்த ஆனையிறவுப் புகையிரத நிலையம் நாடெங்குமுள்ள பாடசாலை மாணவரும் ஆசிரியரும் அளித்த நிதியைக் கொண்டு மீளக் கட்டப்பட்டு 2016இல் திறக்கப்பட்டது. சிறுவர் கொடுத்த சில்லறைக் காசினால் எழுந்த நிலையம் என்பதை அங்கு இறங்கும் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

பெயர்க் காரணம் எளிது. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆழமற்ற இந்நீர்ப்பரப்பைக் கடந்தே குடாநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. பின்னர் அவை ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேறி இந்தியாவுக்குச் சென்றன. யானை இறங்கிக் கடந்த துறை ஆனையிறவு ஆயிற்று. ஒல்லாந்தர் இந்நிலவழியைக் காக்க ஆனையிறவிலும், அதற்குக் கிழக்கே வேறு இரண்டு இடங்களிலும் சிறு கோட்டைகளைக் கட்டினர். ஆனையிறவுக் கோட்டை பிற்காலத்திலே வழிப்போக்கர் தங்கும் வாடிவீடாகப் பயன்பட்டது. கோட்டைக்கு வேண்டிய காவல் போய், நீர்ப்பரப்பை நோக்கியிருந்து தேநீர் அருந்தும் இடமாக அது மாறியது ஒரு நற்காலம். அந்நற்காலம் நீடிக்கவில்லை.

குடாநாட்டு உப்பின் வரலாறு ஆனையிறவுக்கு முற்பட்டது. கடல்நீரேரிகளின் ஆழமற்ற பகுதிகளிலே கோடை காலத்தில் நீர் வற்ற, உப்பு தானாகவே படியும். மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, சோழ நாட்டிலிருந்து வந்த தொண்டைமான், கரணவாய், வெள்ளப்பரவை ஆகிய இடங்களில் விளைந்த உப்பைக் கப்பலேற்றுவதற்காக நீர்வழியை வெட்டி ஆழமாக்கினான் என்றும், அதனாலே அது தொண்டைமானாறு எனப் பெயர் பெற்றது என்றும் கூறுகின்றது. இதனை வரலாறு என முழுவதும் ஏற்க இயலாது. ஆயினும், கடல் கடந்து வந்து கொள்ளத்தக்க பொருளாக யாழ்ப்பாணத்து உப்பு மதிக்கப்பட்டது என்னும் நினைவு மக்களிடம் இருந்ததற்கு அது சான்றாகும். சங்க நூல்கள் கூறும் உமணர் வண்டிகளிலே உப்பேற்றி உள்நாடு சென்று நெல்லுக்கு மாற்றினர். அளம் என்னும் சொல் அன்று தொட்டு இன்றுவரை மாறாது வழங்குகின்றது.

பிரித்தானியர் ஆட்சியில் உப்பு அரசாங்கத்தின் தனியுரிமை ஆயிற்று. தன் வீட்டுக் கோடியில் தானாகப் படிந்த உப்பையும் ஒருவன் அனுமதியின்றி அள்ளுதல் குற்றம். 1905இல் யாழ்ப்பாணத்துக்கு இளம் உத்தியோகத்தராக வந்த லெனாட் வுல்ப், பின்னர் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையின் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது உப்புச் சேகரிப்பை மேற்பார்வை செய்வது அவருடைய தலையாய கடமைகளுள் ஒன்றாயிருந்தது. பெரிய எழுத்தாளர் ஒருவர் உப்பு மூட்டைகளை எண்ணுவதிற் காலம் கழித்தார் என்பதிலிருந்தே அரசாங்கம் உப்பு வருவாயை எவ்வளவு பெரிதாகக் கருதிற்று என உணரலாம். இந்தியாவிலும் இதே நிலைதான். 1930ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆந் தேதி காந்தியடிகள் தண்டியிலே உப்பை அள்ளினார். அதே மாதத்தில் இராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டரோடு நடந்து வேதாரணியத்தை அடைந்து, 30ஆந் தேதி அகத்தியம்பள்ளியில் உப்புச் சட்டத்தை மீறினார். வேதாரணியம் பாக்கு நீரிணைக்கு அப்பால், குடாநாட்டுக்கு நேர் எதிரே உள்ள ஊர். அங்கே உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு நினைவுத்தூண் எழுப்பியுள்ளனர். அதன் அயலிலேயே இன்றும் உப்பு விளைகின்றது. நினைவும் தொழிலும் ஒன்றையொன்று விழுங்காமல் அருகருகே நிற்கும் அந்த அமைப்பு ஆனையிறவுக்கும் பொருந்துவதாகும்.

இனி, உப்பளத்தின் முன் நிற்கும் ஒருவர் காண வேண்டியது யாது? பார்த்த அளவில் அது வரப்புகளாற் பிரிக்கப்பட்ட வயல் போன்றே தோன்றும். வயலில் மழையை எதிர்நோக்குவர். இங்கே மழையை அஞ்சுவர். அவ்வளவே வேறுபாடு என்று எண்ணுவோரும் உண்டு. உண்மையில், உப்பு விளைவிப்பது கடல்நீரை வற்றவிடுவது மட்டுமன்று. கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புப் பொருள்கள் கரைந்துள்ளன. அவற்றுள் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று அதிகமானதே கறியுப்பு, அதாவது சோடியங் குளோரைட்டு. எஞ்சியவை மகனீசியம், கல்சியம், பொற்றாசியம் ஆகியவற்றின் உப்புகள். எல்லாவற்றையும் ஒரே பாத்தியில் வற்றவிட்டால் கிடைப்பது கைப்பும் அழுக்கும் கலந்த பொருளாகும். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுப்பதே தொழிலின் நுட்பம்.

இயற்கையே அதற்கு வழி வகுத்துள்ளது. ஒவ்வோர் உப்பும் நீர் ஒவ்வோர் அளவு செறிந்தபோதே படியத் தொடங்கும். கடல்நீர் பாதியளவாக வற்றும்போது கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணக்கல்லின் சத்து, படிகின்றது. ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்போது ஜிப்சம் படியத் தொடங்குகின்றது. பத்தில் ஒரு பங்கை அடையும்போதே கறியுப்பு பளிங்குகளாகத் தோன்றும். அதற்கும் மேல் நீரை வற்றவிட்டால் மகனீசியம் உப்புகள் வந்து சேர்ந்து உப்பைக் கைப்பாக்கும். ஆகவே உப்பளத்தில் நீர் ஓரிடத்தில் நிற்பதில்லை. முதலிற் பரந்த நீர்த்தேக்கங்களில் நின்று செறிவடைகின்றது. பின்னர் அடுத்தடுத்த பாத்திகளிற் சென்று வேண்டாதவற்றைப் படியவிடுகின்றது. இறுதியிலே பளிங்காகும் பாத்திகளை அடைகின்றது. நீரின் செறிவை அளக்கப் போமே அளவை என்னும் கருவியைப் பயன்படுத்துவர். கடல்நீர் அதிலே 3 பாகை அளவில் நிற்கும். 25 பாகையை எட்டியதும் அந்நீரைப் பளிங்குப் பாத்திக்கு விடுவர். 29 அல்லது 30 பாகையை எட்டுமுன் எஞ்சிய கைப்புநீரை வடித்துவிடுவர். இந்த இரண்டு எல்லைகளுக்கிடையில் நிகழ்வதே நற்பயன். ஒரு நாள் தவறினால் ஒரு பாத்தியின் பயன் கெடும்.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மாதகற் கடலில் ஒரு போத்தல் நீரை மொண்டு வந்து தட்டையான பீங்கானில் ஊற்றி வெயிலில் வைத்தால், முதலில் மெல்லிய வெண்படலம் தோன்றும். பின்னர்ச் சதுரமான பளிங்குகள் மிதக்கும். இறுதியில் எஞ்சும் சில துளிகளை நாவில் இட்டால் கைப்புச் சுவை தெரியும். ஆனையிறவுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் ஒருவர் இதனை ஒரு கிழமைக்கு முன்னரே செய்து காட்டுவாராயின், அங்குள்ள பாத்திகள் ஒவ்வொன்றும் மாணவருக்குத் தாமே பேசும்.

ஆனையிறவு உப்புக்கு ஏற்ற இடமாய் அமைந்ததற்குக் காரணங்கள் பல. யாழ்ப்பாணக் கடல்நீரேரி ஆழமற்றது. கடலோடு நன்கு கலவாதது. கோடையில் அதன் நீர் திறந்த கடல் நீரினும் மிகுந்த உவர் உடையதாகும். ஆகவே உப்பளத்துக்குள் வருமுன்னரே கதிரவன் ஒரு பங்கு வேலையை முடித்துவிடுகின்றான். களித்தன்மையான நிலம் நீரை விரைவில் உறிஞ்சுவதில்லை. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகக் காற்று ஓயாது வீசுகின்றது. மரமற்ற வெளியில் அக்காற்றுக்குத் தடை ஏதும் இல்லை. வெயிலைக் காட்டிலும் காற்றே உப்பை விளைவிக்கின்றது என்று சொல்லினும் தகும். நீர்ப்பரப்பின் மேல் நிற்கும் ஈரத்தை அள்ளிச் செல்லாவிடில் வெயில் எவ்வளவு எரித்தும் பயன் சிறிதே. உடுப்பு உலர்த்தும் ஒவ்வொரு பெண்மணியும் இதனை அறிவார்.

விளைந்த உப்பைப் பாத்தியின் அடிமண் கலவாது நீண்ட பிடியுள்ள பலகையால் வாரிச் சேர்ப்பர். கூடையிற் சுமந்து வரம்பில் இட்டு நீர் வடியவிட்டு, பின்னர்ப் பெருங்குவியலாக்குவர். முற்காலத்தில் இலங்கையின் உப்பளங்களில் இக்குவியல்களைக் கிடுகினால் வேய்ந்து மழையிலிருந்து காப்பது வழக்கம். தொலைவிலிருந்து பார்ப்போருக்குச் சிறு குடிசைகளின் வரிசை போலத் தோன்றும். வெண்மணலில் நின்று வெண்ணுப்பை வாருவோரின் கண்கள் மேலிருந்து வீழும் ஒளியாலும் கீழிருந்து தெறிக்கும் ஒளியாலும் வருந்தும். காலிலுள்ள சிறு கீறலும் எரியும். ஆடவரேயன்றிப் பெண்களும் இவ்வேலையைச் செய்கின்றனர். உப்பளம் அழகிய காட்சி என்று கூறுவோர் பெரும்பாலும் வண்டியின் நிழலில் நிற்பவராவர்.

சில வேளைகளில் செறிந்த பாத்தியின் நீர் இளஞ்சிவப்பு நிறங் கொள்ளும். அழுக்கென்று முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. மிகுந்த உப்பிலும் வாழவல்ல நுண்ணிய பாசியும் நுண்ணுயிர்களும் அந்நிறத்தைத் தருகின்றன. அந்நிறம் நீரைக் கூடுதலாக வெப்பமாக்கி உப்பு விளைவதற்கும் உதவுகின்றது. அப்பாசியை உண்டு வாழும் சிற்றிறாலும், அவற்றை உண்ணும் பூநாரைகளும் அதே நிறப் பொருளாலேயே சிவப்படைகின்றன. ஆனையிறவுக்குக் கிழக்கே உள்ள சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிலே பறவைகளின் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2015இல் தேசியப் பூங்காவாயிற்று. பூநாரைகள் கூட்டமாக வந்திறங்கும் காலத்தில் அப்பக்கம் செல்வோர் கொடுத்துவைத்தவர்.

உப்பின் பயன் சமையலறையோடு முடிவதில்லை. ஆனையிறவுக்குத் தெற்கே பரந்தனில் 1950களில் அரசாங்கம் இரசாயனத் தொழிற்சாலை ஒன்றை நிறுவியது. உப்புக் கரைசலினூடே மின்சாரத்தைச் செலுத்தினால் எரிசோடா, குளோரீன், ஐதரசன் ஆகிய மூன்றும் கிடைக்கும். எரிசோடா சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் வேண்டப்படுவது. குளோரீன் குடிநீரைத் தூய்மையாக்குவது. ஆனையிறவின் உப்பே பரந்தனுக்கு மூலப்பொருள். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பளம், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆகிய மூன்றும் வடபகுதியின் கைத்தொழிலுக்கு அடுப்புக் கற்கள் மூன்று போல் இருந்தன. போர் மூன்றையும் ஒருங்கே சாய்த்துவிட்டது.

அப்போரைப் பற்றியும் சில சொற்கள் கூறுதல் வேண்டும். குடாநாட்டை ஏனைய இலங்கையோடு இணைக்கும் ஒடுங்கிய நிலவழி ஆதலின், ஆனையிறவு இருதரப்பாருக்கும் இன்றியமையாததாயிற்று. 1991ஆம் ஆண்டு ஆடி, ஆவணி மாதங்களில் அங்கே பெருஞ்சமர் மூண்டது. 2000ஆம் ஆண்டு ஏப்பிரலிலே விடுதலைப் புலிகள் இராணுவ முகாமைக் கைப்பற்றினர். 2009ஆம் ஆண்டு தை மாதத்தில் இராணுவம் மீண்டும் கைப்பற்றிற்று. இருபக்கத்தும் மாண்ட இளைஞர் எண்ணிறந்தவர். இன்று வீதியோரத்தில், 1991ஆம் ஆண்டுச் சமரில் அழிக்கப்பட்ட கவச வாகனம் ஒன்றும், கைகள் இலங்கையின் உருவத்தை ஏந்தி நிற்பது போன்ற நினைவுச் சின்னமும் உள்ளன. அவற்றைக் காண்போர் தத்தம் உள்ளத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றை நினைப்பர். அங்கே மகனை இழந்த தாய் நினைப்பதும், படம் பிடிக்கும் பிரயாணி நினைப்பதும் ஒன்றாயிருத்தல் இயலாது. அச்சின்னங்களில் உப்பளத் தொழிலாளர் எவரும் இடம்பெறவில்லை. ஓர் ஊரின் வாழ்வு அற்றுப்போனதும் போரின் இழப்புகளுள் ஒன்றன்றோ? வேலை இழந்த குடும்பங்கள் இடம்பெயர்ந்து சிதறின. பாத்திகளின் வரம்புகள் கரைந்தன. நிலத்திலே கண்ணிவெடிகள் விதைக்கப்பட்டன.

போரின்பின் வெடிகள் அகற்றப்பட்டு, வரம்புகள் திருத்தப்பட்டு, மீண்டும் உப்பு விளைவிக்கப்பட்டது. நெடுங்காலம் விளைந்தது கட்டியுப்பாகவே வெளியிடங்களுக்குச் சென்றது. 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே உப்பைத் தூளாக்கிப் பொதி செய்யும் தொழிற்சாலை அங்கு திறக்கப்பட்டது. இலங்கையில் 1995 தொடக்கம் உண்ணும் உப்பில் அயடீன் சேர்த்தல் சட்டத்தால் வேண்டப்படுகின்றது. கண்டமாலை என்னும் கழுத்து வீக்கத்தையும், குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக் குறைவையும் தடுப்பதற்காகவே இவ்வேற்பாடு. ஆகவே உப்பளத்தில் அள்ளியதை அப்படியே பொதி செய்து விற்றல் இயலாது; ஆலை இன்றியமையாதது. அவ்வாலை வெளியிட்ட பொதிக்கு ரஜ லுணு எனச் சிங்களப் பெயர் இடப்பட்டபோது, ஆனையிறவு என்னும் பெயரே வேண்டும் என்று வடபகுதியில் மறுப்புக் குரல் எழுந்தது. இதனை வீண் பூசல் என்று ஒதுக்குதல் தகாது. ஒரு பொருள் விளைந்த நிலத்தின் பெயரோடு சந்தைக்கு வருவது அந்நிலத்தாருக்கு உரிய மதிப்பு. யாழ்ப்பாணத்து மாம்பழத்தை வேறு பெயரால் விற்றால் எவர் பொறுப்பார்?

உப்பு எளிதிற் கிடைக்கும் பொருள் என்று எண்ணியிருந்த நாட்டுக்கு அண்மையில் ஒரு பாடமும் கிடைத்தது. 2024ஆம் ஆண்டிற் பெய்த அடைமழையால் உப்பளங்கள் பாதிக்கப்பட, அவ்வாண்டின் இறுதியில் 30,000 மெற்றிக் தொன் உப்பை இறக்குமதி செய்ய அமைச்சரவை அனுமதித்தது. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவு உப்புக்காகப் பிறநாட்டை நாடிய விந்தை அது. ஆனையிறவு முழு அளவில் விளையுமாயின் அதன் பயன் வடபகுதியோடு நில்லாது.

இன்னொரு பக்கமும் உண்டு. குடாநாட்டின் உழவனுக்கு உப்பு பகைவன். கடற்கரையை அடுத்த கிணறுகளில் அளவுக்கு மிஞ்சி நீர் இறைத்தால் உவர் ஏறும். சண்டிலிப்பாய்ப் பக்கத்தில் ஓடும் வழுக்கையாறு கடலேரியைச் சேரும் அராலியிலே, உவர்நீர் உட்புகாமல் அணை இட்டுத் தடுக்கின்றனர். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் 1954ஆம் ஆண்டளவில் முன்வைத்த திட்டம் இதனினும் பெரிது. ஆனையிறவு வீதிக்குக் கிழக்கேயுள்ள நீர்ப்பரப்பைச் சுண்டிக்குளத்தில் அணையிட்டு அடைத்து, கனகராயன் ஆற்று வெள்ளத்தால் அதனை நன்னீர் ஏரியாக்கி, வாய்க்கால் வழியாகக் குடாநாட்டின் உள் நீரேரிகளுக்குச் செலுத்துவதே அவர் கருத்து. 1960களில் வேலைகள் நடைபெற்றன, முற்றுப்பெறவில்லை. வீதியின் ஒரு பக்கத்தில் உப்பை வளர்க்கவும் மறுபக்கத்தில் உப்பைக் களையவும் மனிதன் முயன்ற இடம் ஆனையிறவு. அங்கே நின்று இரு பக்கமும் நோக்கும் மாணவன், குடாநாட்டின் நீர்ப் பிரச்சினை முழுவதையும் ஒரே பார்வையிற் கண்டவனாவான்.

ஐரோப்பிய உப்புச் சுரங்கங்களைப் போல் ஆனையிறவில் காட்சிச்சாலை அமைத்தல் கூடாதா என்று கேட்போர் உண்டு. சிறிய அளவில் அமைத்தல் நன்றே. பழைய கருவிகள், பாத்திகளின் வரைபடம், உப்பு படியும் படிமுறையைக் காட்டும் கண்ணாடிப் பாத்திரங்கள், முன்னர் அங்கு உழைத்தோரின் நினைவுரைகள் ஆகியவை போதும். முதியோர் பலர் மறைந்து வருவதால் நினைவுரைகளை விரைந்து பதிவு செய்தல் வேண்டும். இந்தியாவிலே 2019ஆம் ஆண்டு தண்டியில் திறக்கப்பட்ட நினைவகத்தில், வருவோர் தாமே சிறிது உப்பு எடுத்துப் பார்க்கவும் வசதி செய்துள்ளனர். இராட்டினமும் படகுக் குளமும் ஆனையிறவுக்கு வேண்டா. அங்கே பெரிய காட்சி விளைகின்ற உப்புத்தான். அதை விளைவிப்போர் நல்ல கூலியும் குடிநீரும் நிழற்கொட்டகையும் பெற்றிருப்பதே அக்காட்சிக்கு அழகு.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். உப்பளம் வேலைத்தலம் ஆதலின், பாத்திகளுக்குள் இறங்குவதற்கு அலுவலகத்தில் முன்னரே உத்தரவு பெறுதல் வேண்டும். வரம்புகள் எளிதில் இடியும்; சிறுவரை ஓடவிடுதல் ஆகாது. தலைக்குத் தொப்பியோ குடையோ, போதிய குடிநீரோ இன்றிச் செல்லலாகாது. காலை ஒன்பது மணிக்கு முன்னர் அல்லது மாலை நான்கு மணிக்குப் பின்னர் நிற்பது நலம். ஆனி முதல் ஆவணி வரை உப்பு வாருவதைக் காணலாம். ஐப்பசி மழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும். தை, மாசி வரை அங்கே காணத்தக்கவை நீர்ப்பரப்பும், வாடைக்காற்றும், வந்திறங்கும் பறவைகளுமே.